தோட்டத்து மருந்தும் பட்டணத்துச் சீட்டும்



சில மாதங்களுக்கு முன் ஈப்போ அரசாங்க மருத்துவமனையின் மருந்துச் சாளரத்துக்கு எதிரே நாம் எண்சீட்டோடு காத்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள். வயது எழுபது இருக்கும். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இப்போது மகனோடு மலிவு விலை வீட்டில் இருக்கிறார். "விடிகாலையில பஸ் ஏறினேன் சார். டாக்டரைப் பார்க்கவா, இல்லை. இந்த மாத்திரையை வாங்கிக்கிட்டுப் போகத்தான்" என்றார். மருத்துவரை அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க வேண்டும். ஆனால் மருந்து மாதம் ஒருமுறைதான் கொடுப்பார்கள். ஆக ஒவ்வொரு மாதமும் போகவர ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

"சுங்கை சிப்புட்டிலேயே வாங்கிக்கொள்ளலாமே, கேட்டீர்களா?" என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இந்தச் சீட்டு இங்கே எழுதினதாச்சே சார். அங்கே செல்லுமா?"

இந்தக் கேள்வி அந்த அம்மாளின் அறியாமை என்று நாம் எண்ணவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஏனென்றால், நம் மக்களின் மருந்து மூன்று தலைமுறையாக இடம் விட்டு இடம் நகர்ந்ததே இல்லை. அது ஏன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பேராக்கில் ரப்பர் வேரூன்றிய கதை யாவரும் அறிந்ததே. 1877இல் வந்த கன்றுகளில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட, காடுகள் தோட்டங்களாயின, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. குளிர்காய்ச்சல்தான்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைக் கொண்டு சதுப்பு நிலங்களை வடிகட்டிக் காய்ச்சலை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, வெயில் படச் செய்தால் கொசு ஒழியும் என்பது அங்கே உண்மையாயிற்று. அதையே மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோதோ காய்ச்சல் பெருகிற்று! மலையடிவாரத்துக் கொசு வேறு இனம். அது நிழலில் அல்ல, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும். ரப்பருக்காகக் காட்டை அழித்தவர்கள், தாங்கள் அறியாமலே அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் நிலத்தடிக் குழாய்கள் பதிப்பதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. எண்ணெய்ப் பம்பை முதுகில் சுமந்து திரிந்த ஆட்களை நம் பாட்டிமார் "கொசுக்காரன்" என்று அழைத்ததாகக் கேட்டிருக்கிறோம்.

ஓடைகளைச் சீர்செய்யும்வரை கைகொடுத்தது கொய்னா. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே டிரெசர் கையில் மருந்தோடு நிற்பார். வரிசையில் போக வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், அவர் கண்முன்னே விழுங்க வேண்டும். கசப்புத் தாளாமல் துப்பிவிடுவார்கள் என்பதற்காகவே அந்தக் கண்டிப்பு. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். அந்த மருந்துக்குச் சீட்டு இல்லை. இன்னாருக்கு இந்த நோய், இந்த மருந்து, இத்தனை வேளை என்று எழுதி அவர் கையில் கொடுத்த தாள் ஏதும் இல்லை. மருந்து தோட்டத்துடையது. ஆளும் தோட்டத்துடையவன்.

1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. 1912இல் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கான தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தொழிலாளிக்கு மருத்துவ வசதி அளிப்பது தோட்ட முதலாளியின் கடமையாயிற்று. நல்ல சட்டந்தான். தோட்டந்தோறும் மருந்தகம் வந்தது. சிறு தோட்டங்கள் பல சேர்ந்து ஒரு பொது மருத்துவமனை நடத்தின. வெள்ளை மருத்துவர் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை வந்து பார்வையிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் டிரெசரே மருத்துவர், அவரே மருந்து கலப்பவர், அவரே பல் பிடுங்குபவர்.

எங்கள் தோட்டத்து மருந்தகம் இப்போதும் கண்முன் நிற்கிறது. மரப்பலகைச் சுவர், பாதி உயரத்துக்குப் பச்சைச் சாயம். உள்ளே காலெடுத்து வைத்தாலே டெட்டால் வாடை. மருந்து வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து காலிப் புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். முந்திய காலத்தில் புட்டியின் பக்கவாட்டில் படிக்கட்டுப் போல வெட்டிய காகிதத் துண்டை ஒட்டித் தருவார்களாம். ஒரு வேளைக்கு ஒரு படி இறங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதைவிடத் தெளிவான மருந்துச் சீட்டை எவரும் கண்டுபிடித்ததில்லை என்பது நம் கருத்து. ஆனால் அந்தப் படிக்கட்டு வேளையைச் சொல்லுமே தவிர, புட்டிக்குள் இருப்பது என்ன என்று சொல்லாது. அது டிரெசரின் பெரிய பேரேட்டில் மட்டும் இருக்கும். பேரேடு மருந்தகத்தின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும்.

ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போவது நம் மக்களுக்குப் புதிதன்று. தட்டுமுட்டுச் சாமான், கோழிக்கூடு, சாமிப்படம் எல்லாம் லாரியில் ஏறும். மருந்து விவரம் ஏறாது. புதுத் தோட்டத்து டிரெசர் "முன்னே என்ன மருந்து சாப்பிட்டே?" என்று கேட்பார். "சிவப்புத் தண்ணி" என்பதுதான் பதில்.

இதையொட்டி இலங்கையிலிருந்து ஒரு செய்தி. அங்கே மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் இனத்தவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். இன்ன கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்த்தால் ஆட்களை விடுகிறோம் என்பது அதன் பொருள். புதுத் துரை கடனைக் கட்டுவார். அந்தக் கடன் புதுத் தோட்டத்தில் மீண்டும் தொழிலாளியின் தலையில் ஏறும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடன்சீட்டு தோட்டம் விட்டுத் தோட்டம் தவறாமல் போய்ச் சேர்ந்த காலத்தில், மருந்துச் சீட்டு என்று ஒன்று பிறக்கவே இல்லை.

அடுத்து வந்தது ஜப்பானியர் காலம். உலகத்துக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் மாதம் ஜாவாவும் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆயினும் நம் தோட்டங்களில் மருந்து அரிதாகி, வேப்பிலையும் நிலவேம்பும் மறுபடி அடுப்பேறின. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. அவர்களில் பலருக்கு மருந்துப் பதிவு இல்லை என்பது இருக்கட்டும், மரணப் பதிவே இல்லை. அதைப் பேசினால் இன்றைய நேரம் போதாது.

போருக்குப் பின் வந்த இரண்டு சட்டங்கள் நம் கதைக்கு முக்கியமானவை. மருந்தாளுநர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1951இல் வந்தது. நச்சுப் பொருள் சட்டம் 1952இல் வந்தது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அளவு மீறினால் தீங்கு செய்யும் மருந்துகள் எல்லாம் அச்சட்டத்தில் அடங்கும். இன்ன மருந்தை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் கொடுக்கலாம் என்றும், அந்தச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. தேதி, மருத்துவரின் கையொப்பம், அவர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு, எத்தனை முறை கொடுக்கலாம் என்ற குறிப்பு. திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதாத சீட்டுக்கு ஒரே தடவைதான் மருந்து. சீட்டு என்பது வெறும் துண்டுக் காகிதம் என்ற நிலை மாறி, சட்டம் அறிந்த ஆவணமாயிற்று.

மருந்து எழுதுகிறவர் ஒருவர், கொடுக்கிறவர் வேறொருவர் என்ற ஏற்பாடு மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் மன்னர், மருத்துவர் மருந்துக் கடையில் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆணையிட்டார். எழுதுகிற கையும் விற்கிற கையும் ஒன்றாயிருந்தால் தேவைக்கு மேல் மருந்து போகும் என்ற ஐயந்தான் காரணம். நம் நாட்டில் அந்தப் பிரிவினை முழுமையாக வரவில்லை. ஈப்போவிலோ தைப்பிங்கிலோ தனியார் கிளினிக்குக்குப் போனால், மருத்துவர் பார்க்கிறார், அதே கிளினிக்கின் சாளரத்தில் மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் சீட்டு என்பதை நம்மவர் பலர் கண்ணால் பார்த்ததே இல்லை. "மருந்து வேண்டாம், சீட்டாக எழுதிக் கொடுங்கள், மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம் என்பதும் தெரியாது. கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்றவர் நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன். 1959வரை அப்பொறுப்பில் இருந்தார். கிராமந்தோறும் சுகாதார நிலையங்களும் மருத்துவச்சி நிலையங்களும் எழும்பிய காலம் அது. கம்பத்து மக்களுக்கு அது பெரும் விடிவு. தோட்டம் மட்டும் வேலிக்கு உள்ளே நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம், அங்கிருப்போரின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பு என்ற பழைய எண்ணமே நீடித்தது. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. டிரெசர் வேலைக்கு யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு அது கடிவாளம் போட்டது. நல்ல டிரெசர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நள்ளிரவில் அரிக்கேன் விளக்கோடு லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்தவர்களை நம் மூத்தோர் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. வேலியிடம் இருந்தது.

பிறகு அந்த வேலியே பிடுங்கப்பட்டது. 1950களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸ் தலைமையில் ஆய்வு நடந்து அறிக்கை வெளிவந்தது. பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று தொழிலாளர் சேர்த்த பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் நோக்கத்தோடு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியதும் இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். அப்புறம் 1980களிலும் 1990களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பட்டணத்தருகே இருந்த தோட்டங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. தோட்டம் மூடும்போது வீடு போகிறது, கோவில் போகிறது, பள்ளிக்கூடம் போகிறது என்று நிறையப் பேசியிருக்கிறோம். மருந்தகமும் போனது. அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தந்தையாருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. பல ஆண்டுகளாக டிரெசர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். தோட்டம் விற்கப்பட்டு ஈப்போவுக்கு அருகே குடிவந்தோம். புறப்பட்ட அன்று டிரெசர் ஒரு காகித உறையில் மூன்று வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். உறையின் மேல் "காலை 1, இரவு 1" என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. மூன்று வாரம் கழிந்தது. தந்தையார் புது வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். காலியான அந்த உறையை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் மருந்தின் பெயரே இல்லையே, நான் எதைக் கொடுப்பேன்? மருத்துவரைப் பாருங்கள்" என்றார். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. தெரியாத மருந்தை ஊகித்துக் கொடுப்பவர் நல்ல மருந்தாளுநர் அல்லர். தந்தையாரோ, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார். இரத்த அழுத்தத்தின் பொல்லாத குணம் அதுதான். வலிக்காது, காய்ச்சல் வராது, மருந்தை நிறுத்தினாலும் பல நாள் ஒன்றும் தெரியாது. நான்காவது மாதம் ஒரு விடிகாலையில் வலக்கை விழுந்துவிட்டது. முப்பது ஆண்டு உளி பிடித்த கை. அதன்பின் சோற்றுக் கவளத்தைப் பிடிக்கவும் இடக்கையைத் தேடியது.

அந்த மருந்தின் பெயரை எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது என்று அடித்துச் சொல்ல நாம் மருத்துவர் அல்ல. ஆனால் அந்த நினைப்பு நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது சுங்கை சிப்புட் அம்மாளின் கேள்விக்கு வருவோம். செல்லும். அரசாங்க மருத்துவமனையில் எழுதிய தொடர்மருந்துச் சீட்டை வேறொரு அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதாரக் கிளினிக்குக்கோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மலாயில் அதைச் சுருக்கமாக எஸ்.பி.யு.பி. என்கிறார்கள். ஒருங்கிணைந்த மருந்து வழங்கு முறை என்று தமிழில் சொல்லலாம். முதல் தவணை மருந்தை எழுதிய இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதே சாளரத்தில், "மிச்சத்தை எங்கள் ஊரில் வாங்கிக்கொள்கிறேன், எஸ்.பி.யு.பி. செய்து கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். மருந்தாளுநர் எந்த இடம் என்று கேட்டு ஏற்பாடு செய்வார். அடுத்த தவணை நெருங்கும்போது சீட்டோடு அங்கே போனால் போதும். கையிலிருக்கும் மாத்திரை தீர்ந்தபின் போகக் கூடாது. சிறப்பு மருத்துவர் எழுதும் சில மருந்துகள் சிறு கிளினிக்குகளில் வழக்கமாக இருப்பதில்லை, அதை வரவழைக்க அவர்களுக்குச் சில நாள் வேண்டும். தூக்க மாத்திரை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு கூடுதல் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருந்தகங்களின் வழி வேறு. அமெரிக்காவில் ஒரு கடையில் மருந்து வாங்குகிறவர் வேறு கடைக்கு மாற விரும்பினால், புதுக் கடையில் சொன்னால் போதும். அவர்களே பழைய கடையோடு பேசி மீதித் தவணைகளை மாற்றிக்கொள்வார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் தாள்தான் ஆதாரம். ஆகையால் மூன்று தவணை என்று எழுதிய சீட்டில் ஒரு தவணை வாங்கியதும், கொடுத்த தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கடைசித் தவணையோடு அது கடையில் தங்கிவிடும். முன்னதாக ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. அந்தப் படிக்கு மருந்து கிடைக்காது. ஆனால் எந்த மருந்து, எந்த அளவு என்பதைப் புது மருத்துவருக்கு அது சொல்லும்.

அந்த அம்மாளை அன்றே சாளரத்துக்கு அழைத்துச் சென்று கேட்டோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்த மாதம் அவர் மகனின் கைப்பேசியிலிருந்து நம்மைக் கூப்பிட்டார். "சார், ஒம்பது மணிக்குப் போனேன், பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து உலை வச்சிட்டேன்" என்றார். குரலில் மகிழ்ச்சி. உடனே அது தணிந்தது. "ஆனா சார், அங்கே வெள்ளை மாத்திரை குடுத்தாங்க. இங்கே மஞ்சளா இருக்கு. மாத்திக் குடுத்திட்டாங்களோ?"

அட்டையின் பின்புறத்தில் உள்ள எழுத்துகளைப் பேரனை விட்டு ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னோம். இரண்டு அட்டைகளிலும் ஒரே பெயர், ஒரே அளவு. செய்த கம்பெனிதான் வேறு. "அப்ப சரி" என்றார். ஆனாலும் மறுநாள் காலை அந்தக் கிளினிக்குக்கே நடந்துபோய், இரண்டு அட்டைகளையும் சாளரத்தில் வைத்து இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை விழுங்கினாராம்.